நாற்காலியும் காசோலையும்

(எளாவூரில் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘உள்ளாட்சிக்கு அதிகாரம்’. கவிதை எழுதுகிறவன்தானே, வந்து நாலு வரி வாசித்துவிட்டுப் போவான் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கலாம். இன்றைக்குக் கவிதை கிடையாது. வயிற்றுப்பாட்டுக்கு நான் பார்ப்பது பேங்க் வேலை. கவுண்ட்டர்ல உட்கார்ந்து காசோலை பார்க்கிற வேலை. இந்தத் தலைப்புக்கு அந்த வேலைதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஸ்டேஷன்ல இறங்கி நடந்து வரும்போது சோதனைச்சாவடியில் நிற்கிற லாரிகளைப் பற்றி ஒரு தம்பி சொல்லிக்கொண்டு வந்தார். ஆந்திராவுக்குப் போற வண்டி, அங்கிருந்து வர்ற வண்டி, எல்லாம் நின்று காகிதம் காட்டித்தான் போக வேண்டும். லாரிக்கு ஒரு செக்போஸ்ட். நம்ம சாதியில பொறந்து பஞ்சாயத்துத் தலைவரா ஜெயிச்சு வர்றவங்களுக்கு எத்தனை செக்போஸ்ட்? அதை எண்ணிப் பார்ப்பதுதான் இன்றைக்கு என் வேலை.

தூரத்து ஊர்க்கதையில் தொடங்க வேண்டியதில்லை. நம்ம கும்மிடிப்பூண்டி ஒன்றியத்திலேயே இருக்கிறது ஆத்துப்பாக்கம். 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் ஜெயித்து ஊராட்சித் தலைவராக வந்தவர் அமிர்தம் அம்மா. தலித் பெண். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவரைத் தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுத்தார்கள். சேதி எடுக்கப் போன நிருபரையும் தாக்கினார்கள். பத்திரிகைகளில் வந்து நாடே பார்த்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் வந்து பக்கத்தில் நிற்க, அந்த அம்மா கொடியேற்றினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டுக் கைதும் செய்தார்கள்.

அந்தப் படத்தை நாமெல்லாம் பார்த்தோம், சந்தோஷப்பட்டோம். நானும் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் தோழர்களே, அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர் தன்னுடைய சொந்த ஊராட்சியில் ஒரு கயிற்றை இழுப்பதற்கு மாவட்டத்தின் மிகப்பெரிய அதிகாரி பக்கத்தில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு நின்றார். மறுநாள்? ஊராட்சி அலுவலகத்தில் மினிட் புத்தகம் திறக்கிற நாளில்? காசோலையில் கையெழுத்து வாங்குகிற நாளில்? வருஷத்துக்கு 365 நாளும் கலெக்டர் கூடவே நிற்க முடியாது. கொடி வருஷத்துக்கு இரண்டு நாள்தான். மீதி 363 நாள் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஊராட்சி என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஊர் ஆட்சி. ஊர் என்றால் என்ன? நம்ம பக்கத்தில் ‘ஊருக்குள்ள போய்ட்டு வரேன்’ என்று நம் அம்மா சொன்னால், தான் குடியிருக்கிற இடத்தை அவள் சொல்லவில்லை. அவள் இருப்பது காலனி. ஊர் என்பது ரோட்டுக்கு அந்தாண்டை. ஆக ஊராட்சி என்ற பெயருக்குள்ளேயே சேரி இல்லை. ஊர் சேரியை ஆள்வது என்பதுதான் அந்தச் சொல்லுக்குக் காலங்காலமாக இருந்த பொருள். ‘கிராமங்களுக்கு அதிகாரம் கொடுங்கள்’ என்று காந்தியர்களும் இடதுசாரிகளும் தன்னார்வத் தொண்டு நிறுவனங்களும் ஒரே குரலில் பேசும்போது, நமக்கு மட்டும் ஏன் வயிற்றைப் பிசைகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

அம்பேத்கருக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்தது. 1932-ல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது அவர் எதிர்த்துப் பேசினார். தீண்டப்படாத மக்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்தை ஏற்க முடியாது என்றார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் சட்ட வரைவை அவைமுன் வைத்துப் பேசும்போது, இந்தியக் கிராமத்தைப் பற்றி அந்த அவையில் பலருக்கும் பிடிக்காத உண்மையைச் சொன்னார். குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் குடியிருக்கிற இடம் அது என்றார். கிராமத்தை ஒதுக்கிவிட்டுத் தனிமனிதரை அலகாக இந்த வரைவு ஏற்றுக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றார். அதற்குப் பெரிய கூச்சல் எழுந்தது. அந்த மாதமே, நவம்பர் 22 அன்று, கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை அவர் ஏற்றுக்கொண்டார். அதுதான் பஞ்சாயத்துகள் அமைப்பது பற்றிய 40-வது பிரிவு. ஆனால் அது வழிகாட்டு நெறியாக மட்டுமே போய் உட்கார்ந்தது. நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க முடியாத இடம்.

பிறகு 44 வருஷம் கழித்து, 1992 டிசம்பரில், 73-வது திருத்தம் நிறைவேறியது. 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. அம்பேத்கர் 1932-ல் கேட்ட அந்தத் தனிப் பிரதிநிதித்துவம், மக்கள்தொகைக்கு ஏற்ற இட ஒதுக்கீடாக அதில் வந்தது. தலைவர் பதவிக்கும் வந்தது. அது சாதாரண விஷயமில்லை. ஊர் என்ற சொல்லின் மண்டையில் விழுந்த அடி அது. அடி விழுந்ததும் ஊர் என்ன செய்தது என்பதும் நமக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் 1994-ல் ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 அக்டோபரில் தேர்தல். மதுரைக்குப் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். தலைவர் பதவி தலித்துகளுக்கு என்று ஒதுக்கினதும், தேர்தலே வேண்டாம் என்றார்கள். அப்படியே யாராவது நின்று ஜெயித்தால் உடனே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். பத்து வருஷம் இந்தக் கூத்து நடந்தது. 2006-ல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

மேலவளவில் உட்கார விடவேயில்லை. முருகேசன் தேர்தலில் நின்று ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவரையும் கூட வந்தவர்களையும் சேர்த்து ஆறு பேரை வெட்டினார்கள். அவர் தலையைத் தனியாக எடுத்துக்கொண்டு போனார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை செய்துவிட்டார்கள். தலித் அரசியல் பேசுகிற எந்தப் பத்திரிகையிலும் மேலவளவு பற்றிய ஒரு பக்கமாவது இருக்கும். நம் தலைமுறை அந்தப் பக்கங்களைப் படித்துத்தான் வளர்ந்தது.

ஆகவே நாற்காலிக்காக நாம் ரத்தம் கொடுத்திருக்கிறோம். நாற்காலி அற்பமானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம் வெளியானது. 2022-ல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் கள ஆய்வு செய்தது. அதில் 22 ஊராட்சிகளில் தலித் தலைவருக்கு உட்கார நாற்காலி இல்லை. அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு முன்னால், தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று எல்லாக் கலெக்டர்களுக்கும் தலைமைச் செயலாளர் கடிதமே எழுத வேண்டி வந்தது. 75 வருஷச் சுதந்திரத்துக்கு அந்தக் கடிதத்தை விட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆனால் நான் இப்போது சொல்ல வருவது, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நடப்பதை. இங்கேதான் என் பேங்க் கவுண்ட்டர் வருகிறது.

சில வருஷங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஒரு கிளையில் பக்கத்து ஊராட்சியின் கணக்கு இருந்தது. எந்தக் கிளை, எந்த ஊர் என்பது வேண்டாம். ஒருநாள் மத்தியானம் கூட்டமில்லாத நேரம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு அம்மா வந்து கவுண்ட்டரை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றார். ‘தம்பி, என் கணக்குல எவ்ளோ இருக்குதுன்னு சொல்றியா?’ என்றார். பாஸ்புக் கேட்டேன். ‘அது அவங்க வீட்டுல இருக்குது’ என்றார். யார் வீட்டில் என்று கேட்டேன். துணைத்தலைவர் வீட்டில். பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மா கேட்டது தன் சேமிப்புக் கணக்கை இல்லை. ஊராட்சிக் கணக்கை. அவர்தான் தலைவர்.

பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மெதுவாகப் பையிலிருந்து ஒரு காசோலையை எடுத்தார். காலனி டேங்க் மோட்டார் எரிந்து போய்விட்டது. காயில் கட்டிக் கொடுத்தவன் காசு கேட்டுத் தினமும் வாசலில் வந்து நிற்கிறான். பெரிய தொகையில்லை, சில ஆயிரம் ரூபாய். ‘நான் கையெழுத்துப் போட்டுட்டேன். அவரு போட மாட்றாரு. ஊர் மோட்டாருன்னா அன்னிக்கே போடுவாரு. நீ இத்த வச்சிக்கினு பணம் குடுத்துடு தம்பி’ என்றார்.

கொடுக்க முடியாது. தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்பது சட்டம். அதன்படிதான் பேங்கில் மாதிரிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். நான் திருப்புச் சீட்டை எடுத்து, ‘கையெழுத்து முழுமையில்லை’ என்கிற கட்டத்தில் டிக் அடித்து, என் சுருக்கக் கையெழுத்தைப் போட்டு அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். கோபப்படவில்லை. ‘நீ யார் வீட்டுப் புள்ள?’ என்று கேட்டார். அவர் எதைத் தெரிந்துகொள்ள அப்படிக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சொன்னேன். ‘நம்ம புள்ளதானா’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தோழர்களே, நான் இட ஒதுக்கீட்டில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவன். அவர் இட ஒதுக்கீட்டில் அந்த நாற்காலிக்கு வந்தவர். இட ஒதுக்கீட்டில் வந்த கையால் எழுதின காசோலையை, இட ஒதுக்கீட்டில் வந்த கை திருப்பி அனுப்புகிறது. நடுவில் கையெழுத்துப் போடாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர் எந்தப் பழியும் இல்லாமல் இருக்கிறார். அவர் யாரையும் அடிக்கவில்லை, வெட்டவில்லை, சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். எந்தத் தண்ணியை மறிக்க ஒருகாலத்தில் கிணற்றடியில் தடியோடு நின்றார்களோ, அதே தண்ணியை மறிக்க இப்போது ஒரு பேனா மூடி போதும். இந்த வன்கொடுமைக்கு எந்தப் பத்திரிகையில் படம் போட முடியும்?

இது ஒரு ஊர்த் துணைத்தலைவரின் கெட்ட குணம் பற்றிய கதையில்லை. சட்டத்தின் அமைப்பே அப்படி. தலைவரை ஊர் முழுக்க நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவருக்குக் கிடையாது. வார்டுகளில் பெரும்பான்மை ஊர்க்காரர்களிடம் இருக்கும். ஆகவே தனி ஊராட்சி என்று அறிவித்த உடனே ஊரில் பேச்சு எங்கே போகும்? ‘தலைவர் அவங்க ஆளா இருந்துட்டுப் போவட்டும், வைஸ் நம்மாளு.’ ஒதுக்கீட்டை ஒரு கையால் கொடுத்து, கூட்டுக் கையெழுத்தால் இன்னொரு கையால் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. ஊழலைத் தடுக்கத்தான் இரண்டு கையெழுத்து என்பார்கள். ஊழலைத் தடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை, நான் பேங்க்காரன். அந்த இரண்டாவது கை யாருடையது என்பதுதான் கேள்வி. இப்போது மின்கையெழுத்து, கணினிப் பட்டுவாடா எல்லாம் வந்துவிட்டது. காசோலைப் புத்தகம் யார் வீட்டு அலமாரியில் இருந்தது என்று முன்பு கேட்டோம். இனி கடவுச்சொல் யார் வாயில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இது முதல் செக்போஸ்ட். இரண்டாவது, ஊராட்சிச் செயலர். பதிவேடுகள், ரசீதுப் புத்தகம், சாவி எல்லாம் அவர் கையில். தலைவர் ஐந்து வருஷத்தில் போய்விடுவார், செயலர் இருப்பார். அவர் யார் சொல்வதைக் கேட்பார் என்பதைப் பொறுத்துத்தான் ஆபீஸ் பூட்டு திறக்கிறதா இல்லையா என்பது. மூன்றாவது பி.டி.ஓ. மதிப்பீடு, அனுமதி, அளவை, பில் எல்லாம் ஒன்றிய அலுவலகத்தைச் சுற்றி. நாலாவது செக்போஸ்ட் கலெக்டர்.

ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் என்ற பெயரில் கலெக்டருக்குச் சட்டம் பெரிய வாளைக் கொடுத்திருக்கிறது. 203-வது பிரிவின் அவசரகால அதிகாரம் என்று சொல்லித் தலைவரின் காசோலை அதிகாரத்தை எடுத்து பி.டி.ஓ.விடம் கொடுத்துவிடலாம். 205-வது பிரிவின்கீழ் தலைவரையே நீக்கலாம். அந்த 205-ஐ இங்கே இருக்கிற சட்டக்கல்லூரி மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். கலெக்டர் தானாகவே நோட்டீஸ் கொடுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தாலும் நோட்டீஸ் போகும். விளக்கம் திருப்தியில்லை என்றால் தாசில்தார் உறுப்பினர் கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்பார். கடைசியில் முடிவு கலெக்டருடையது. தலைவருக்கு ஓட்டுப் போட்ட ஆயிரம் ரெண்டாயிரம் ஜனங்களிடம், ‘உங்க தலைவரை எடுத்துடலாமா?’ என்று யாரும் கேட்பதில்லை. துணைத்தலைவரைத் தேர்ந்தெடுத்த அதே உறுப்பினர்களைத்தான் கேட்கிறார்கள்.

நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. குத்தம்பாக்கம் இளங்கோ. தலித். இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு 1996-ல் ஊராட்சித் தலைவரானவர். கிரானைட் தொழிற்சாலைகளில் வீணாகக் கிடந்த கல்லைக் கொண்டுவந்து குறைந்த செலவில் வடிகால் கட்டினார். அனுமதித்த முறைப்படி கட்டவில்லை என்று அவரைப் பதவியிலிருந்து நிறுத்தினார்கள். அவர் கிராம சபைக்குப் போனார். ஜனங்கள் கூடி, எங்கள் தலைவர் செய்தது சரி என்று சொன்னார்கள். பதவி திரும்ப வந்தது. 2001-ல் மறுபடியும் ஜெயித்தார். தலித்தும் தலித் அல்லாதாரும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு குடியிருக்கிற சமத்துவபுரம் அந்த ஊரில் எழுந்தது. ஆனால் ஒரு இன்ஜினியர் சட்டம் படித்து, ஜனங்களைத் திரட்டி மீண்டு வந்தார். இடுப்பில் காசோலையைச் செருகிக்கொண்டு போன அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு நோட்டீஸ் வந்திருந்தால்?

இவ்வளவு எதற்கு? ஒரு ஊராட்சித் தலைவர் பதவியில் அப்படி என்னதான் இருக்கிறது? இருக்கிறது. நிலம் இருக்கிறது. மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, வண்டிப்பாதை, தோப்பு போன்ற புறம்போக்குகளின் பயன்பாட்டை முறைப்படுத்துகிற உரிமையை ஊராட்சிகள் சட்டம் ஊராட்சிக்குத்தான் கொடுத்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்தில் கிருஷ்ணவேணி என்கிற அருந்ததியர் பெண் தலைவராக இருந்தார். பெண்களுக்குக் கழிப்பறை கட்ட ஒரு புறம்போக்கு இடத்தில் வேலை தொடங்கினார். 2011 ஜூனில் அவரை வெட்டிச் சாய்த்தார்கள். பிழைத்தது அதிசயம். அவர் ஆணவமாக நடந்தார் என்றோ, நாற்காலியில் உட்கார்ந்தார் என்றோ வெட்டவில்லை. புறம்போக்கில் கை வைத்தார், அதுதான் குற்றம்.

நம் பக்கத்துக்கு இது புதிதா? அன்றைக்கு நாமெல்லாம் செங்கல்பட்டு ஜில்லா. 1891-ல் கலெக்டர் திரமென்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர்களைப் பற்றி எழுதிய அறிக்கையில், குடியிருக்கிற வீட்டு மனை கூட மிராசுதாருக்குச் சொந்தமாக இருப்பதுதான் இவர்களை அடிமையாக வைத்திருக்கிறது என்று காட்டினார். அதன் பேரில்தான் 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்கள் எங்கே போயின என்று கேட்டுத்தான் 1994-ல் காரணையில் போராட்டம், செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்கிற இரண்டு தோழர்கள் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். இன்றைக்கு கும்மிடிப்பூண்டியைச் சுற்றி சிப்காட், கம்பெனிகள், கிடங்குகள். நிலத்தின் விலை ஏற ஏற, ஊராட்சித் தலைவர் போடுகிற கையெழுத்தின் விலையும் ஏறுகிறது. கம்பெனி வரி வருகிற ஊராட்சியில் தலித் தலைவர் பொம்மையாக இருந்தால் யாருக்கு லாபம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நகரத்தில் நிலைமை வேறா? பட்டணத்துக்குப் போனால் சாதி தளரும் என்பது அம்பேத்கர் காட்டிய வழி. போனோம். 2022-ல் சென்னைக்கும் தாம்பரத்துக்கும் தலித் பெண்கள் மேயரானார்கள். நம் மாவட்டத்து ஆவடிக்கும் தலித் மேயர். மகிழ்ச்சி. ஆனால் மேயரை ஜனங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் கட்டிடத்துக்கு வெளியே 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் நம் சனங்கள், பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. கட்டிடத்துக்கு உள்ளே தலித் மேயர், கட்டிடத்துக்கு வெளியே தலித் தொழிலாளி. உள்ளே இருப்பவரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அந்த முடிவை எடுக்கிற அதிகாரம் எங்கே இருந்தது, அதில் மன்றத்தின் பங்கு எவ்வளவு, கோட்டையின் பங்கு எவ்வளவு என்று கேட்பதுதான் அரசியல். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியே தெருவிளக்கும் தண்ணியும் கொடுக்கிற இடத்தைத் தொழில் நகரியம் என்று ஆளுநர் அறிவித்துவிட்டால் அங்கே நகராட்சியே அமைக்க வேண்டியதில்லை என்று 74-வது திருத்தத்திலேயே ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். மன்றம் இல்லை என்றால் ஒதுக்கீடும் இல்லை. சிப்காட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தலே நடத்தாமல் விடுவது எல்லாவற்றையும் விடச் சுலபமான வழி. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம். 2016-ல் நடக்க வேண்டிய ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்று வருஷம் தனி அலுவலர் ஆட்சி. அப்போது தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும், மறுபடியும் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தார்கள். தனி அலுவலர் நாற்காலிக்கு ஒதுக்கீடு உண்டா?

சரி. இப்போது ஒரு தோழர் எழுந்து கேட்கலாம்: ‘கலெக்டர் வந்ததால்தானே அமிர்தம் அம்மா கொடியேற்றினார்? கலெக்டர் அதிகாரத்தைக் குறைத்து ஊராட்சிக்குக் கொடு என்றால், மறுபடியும் ஊர்க்காரன் கையில்தானே போகும்? கிராம சபையிலும் கை தூக்குகிறவன் அவன்தானே அதிகம்?’ நியாயமான கேள்வி. எனக்கும் ராத்திரியில் வருகிற கேள்வி. அம்பேத்கரின் 1948 கேள்வியும் இதுதான். ஊரிடமிருந்து நம்மைக் காப்பாற்ற அரசு வேண்டும். அதே அரசு நம் தலைவரின் பேனாவைப் பிடுங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் நாம் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் யோசித்து வந்து நிற்கிற இடம் இது. காவல் காக்கிற அதிகாரம் வேறு, கல்லாப்பெட்டியில் கை வைக்கிற அதிகாரம் வேறு. அரசு வாசலில் நிற்கட்டும், தடுக்க வருகிறவனைப் பிடிக்கட்டும். அதற்கு அதிகாரம் போதவில்லை என்றால் இன்னும் கொடுக்கலாம். ஆனால் உள்ளே வந்து தலைவரின் கையைப் பிடிக்கக் கூடாது. இப்போது நடப்பது தலைகீழ். தடுக்கிறவனிடம் ‘சமாதானமாப் போங்க’ என்று சொல்லும் அரசு, தலைவரிடம் மட்டும் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கிறது.

ஆகவே ‘உள்ளாட்சிக்கு அதிகாரம்’ என்ற பொதுக் கோரிக்கையோடு நாம் நிற்க முடியாது. நம் கோரிக்கைகளைப் பெயர் சொல்லி வைக்க வேண்டும்.

ஒன்று: தனி ஊராட்சிகளில் துணைத்தலைவர் பதவிக்கும் ஒதுக்கீடு வேண்டும். அதுவரைக்கும் இரண்டாவது கையெழுத்து, காரணம் எழுதிப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு அரசு ஊழியருடையதாக இருக்கட்டும். இத்தனை நாளுக்குள் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் மறுப்பதற்குக் காரணம் எழுது என்று கெடு வேண்டும். பேங்கில் நான் ஒரு காசோலையைத் திருப்பினால் காரணம் எழுதித்தான் திருப்ப வேண்டும். எனக்கு இருக்கிற கட்டாயம் துணைத்தலைவருக்கு ஏன் இல்லை?

இரண்டு: தலைவரை நீக்குவதும், காசோலை அதிகாரத்தைப் பறிப்பதும் ஒரு அதிகாரியின் கையில் இருக்கக் கூடாது. நீதித்துறை சார்ந்த, நம் மக்களுக்கு இடமுள்ள தனி அமைப்பு விசாரிக்கட்டும். திருடினால் தண்டிக்கட்டும், தலித் என்பதற்காகத் திருட்டை மன்னிக்க நான் கேட்கவில்லை.

மூன்று: பதவியேற்கிற நாளிலேயே சாவி, முத்திரை, பதிவேடுகள், பேங்க் பாஸ்புக், புறம்போக்கு நிலப் பட்டியல் எல்லாவற்றையும் எழுத்துமூலம் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

நாலு: காலம் தவறாத தேர்தல்.

சட்டம் மாறுகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் 3(1)(எம்) என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. ஊராட்சியிலோ நகராட்சியிலோ உறுப்பினராக, தலைவராக இருக்கிற தலித்தை, பழங்குடியை அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதோ மிரட்டுவதோ குற்றம். கொடியேற்றவிடாமல் தடுத்தால் மட்டும்தான் தடுப்பதா? பாஸ்புக்கை வீட்டில் பூட்டி வைப்பது தடுப்பதில்லையா? காரணமில்லாமல் மாதக்கணக்கில் கையெழுத்துப் போடாமல் இருப்பது? இந்தக் கேள்வியோடு நாம் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். பேனா மூடியும் ஆயுதம்தான் என்று ஒரு தீர்ப்பாவது வாங்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 2022 முதல் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கொடி பறக்குதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். காலனிக்கு எத்தனை விளக்கு, எத்தனை மீட்டர் பைப்பு என்று கேளுங்கள். தலைவராக இருக்கிற அம்மாவுக்கு ஸ்டேட்மென்ட் படிக்கத் தெரியவில்லை என்றால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீங்க அம்மா என்று சொல்லுங்கள். இதைப் புரட்சி என்று யாரும் எழுத மாட்டார்கள். பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. அந்த அம்மா போன பிறகு நான் அந்த ஊராட்சிக் கணக்கின் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். துணைத்தலைவர் கையெழுத்து ஒரே இழுப்பு, வால் நீளமாக. அந்த அம்மாவுடையது எழுத்துக் கூட்டி எழுதினது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அழுத்தி, கோட்டுக்கு மேலேயே நிற்கிற மாதிரி. பெயருக்குக் கீழே ‘தலைவர்’ என்று அவரே எழுதியிருந்தார். அதை எழுதக் கேட்டதே இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் போட்டால் போதும். ஸ்டாம்ப் அவர் கையில் இல்லை என்பதால் எழுதினாரோ என்னவோ.

அந்தக் கையெழுத்துக்குப் பணம் கொடுக்க எனக்கு அன்றைக்கு அதிகாரம் இல்லை. அது செல்லுகிற நாள் வரைக்கும் நமக்கு வேலை இருக்கிறது.

ஜெய்பீம்.